துவைத்த துணியும் தலைப்பாகையும்: சாமித்தோப்பின் முதல் தலைமுறை

இன்னைக்கு ரெண்டு ஜெயில்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் ஜெயில் அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தில் லிபர்ட்டி என்ற ஊரில் இருக்கிறது. 1838 டிசம்பர் மாதம். நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத அளவுக்கு கூரை தாழ்ந்த ஒரு நிலவறையில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் அடைபட்டுக் கிடக்கிறார். 1805ல் பிறந்தவர், அப்போது வயது 32. 'மோர்மன்கள்' என்று ஊரார் கூப்பிடுகிற ஒரு புதுச் சமயத்தின் தலைவர். சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்த மாநில கவர்னர், இந்த மக்களை மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு போட்டிருந்தார்.

இரண்டாவது ஜெயில் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பு. அங்கேயும் அதே காலத்தில் ஒரு இளைஞர் அடைபட்டுக் கிடந்தார். 1809ல் பிறந்தவர், வயது முப்பதை நெருங்குகிறது. அகஸ்தீஸ்வரம் பக்கத்துக்காரர். பெயர் முத்துக்குட்டி. அவரை நம்பியவர்களுக்கு அவர் வைகுண்டர், ஐயா. 1838ல் பிடித்துக்கொண்டு போனார்கள், 1839 தொடக்கத்தில் விட்டார்கள். மொத்தம் 110 நாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

ஸ்மித்தும் 1839 ஏப்ரலில் வெளியே வந்துவிட்டார். இந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டிருக்கக்கூட வாய்ப்பே இல்லை. ஆனால் உலகத்தின் இரண்டு மூலையில், ஏறக்குறைய ஒரே மாதங்களில், இரண்டு அரசாங்கங்கள் ஒரே முடிவுக்கு வந்தன: இந்த ஆளைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது, உள்ளே போடு.

மோர்மன் கதை உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி சினிமா இருக்கு, சீரிஸ் இருக்கு, பிராட்வேயில் இசை நாடகமே இருக்கு. நம்ம கதை? நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஆனால் மாசி 20க்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள் என்பதைத் தாண்டி, அங்கே 1830களில் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டால் நம்மில் பலரும் முழிப்போம். அதனால் இந்த எபிசோட் அற்புதங்களைப் பற்றியது இல்லை. கேள்வி ரொம்பச் சாதாரணமானது: அந்த மக்கள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? யார் சொல்வதை யார் கேட்டார்கள்?

36 அடி தூரம்

முதலில் அந்தக் காலத்து தென் திருவிதாங்கூரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இன்னைக்கு நாம கன்னியாகுமரி மாவட்டம் என்று சொல்கிற நிலம் 1956 நவம்பர் 1 வரைக்கும் தமிழ்நாட்டில் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் அடங்கிய நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசரின் நெல் களஞ்சியம். வயல் இருக்கிற பக்கம் செழிப்பு. கடலை ஒட்டிய மணல் தேரிப் பக்கம் பனங்காடு. அந்தப் பனையை நம்பி வாழ்ந்தவர்களில் பெரும்பான்மை நாடார்கள். அன்றைய அரசாங்கத் தாள்களில் 'சாணார்'.

அவர்கள் மேல் இருந்த கட்டுப்பாடுகளை 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருந்து பட்டியல் போடலாம். நம்பூதிரிக்கு 36 அடி தள்ளி நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. தங்க நகை கூடாது. மாடி வீடு கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. மேலாடை கூடாது. இதுக்கு மேல தலைவரி, பனைவரி. அதுவும் போதாதென்று கூலி இல்லாமல் அரசுக்கு உழைக்கும் 'ஊழியம்'.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை மெதுவா வாசிச்சுப் பாருங்க. இதில் எதுவுமே ஒருவன் என்ன நம்புகிறான் என்பதைப் பற்றியது இல்லை. எல்லாமே உடம்பு மேல் போட்ட விதி. எங்கே நிற்கலாம், தலையில் என்ன இருக்கலாம், தோளில் என்ன இருக்கலாம், குடம் எந்தப் பக்கம் இருக்கலாம். சாதி அன்றைக்கு ஒரு கருத்தாக வேலை செய்யவில்லை. தினசரிப் பழக்கமாக வேலை செய்தது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முத்துக்குட்டிக்குப் பெற்றோர் முதலில் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதிக்காரன் பிள்ளைக்கு 'முடி' எதுக்கு என்று மேல்சாதியினர் கிளப்பிய எதிர்ப்பில் பெயர் முத்துக்குட்டி ஆனது. பெயரில்கூட கிரீடம் இருக்கக் கூடாது. அப்பா பொன்னு நாடார், அம்மா வெயிலாள். ஊர் பூவண்டன்தோப்பு என்கிற சாஸ்தாங்கோவில்விளை. இன்றைய சாமித்தோப்பு.

இருபதுகளின் நடுவில் அவருக்குக் கடுமையான நோய். அம்மா அவரைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் புறப்படுகிறார். வழியில் கூடங்குளத்தில் இளைப்பாறும்போது அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார், திருச்செந்தூர் கடலுக்குள் போனார், மூன்றாம் நாள் வைகுண்டராக வெளியே வந்தார் என்கிறது அகிலத்திரட்டு அம்மானை. கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. அதாவது 1833 மார்ச். இன்னைக்கும் கொண்டாடப்படுவது அந்த நாள்தான்.

ஊர் திரும்பியவர் ஆறு வருடம் தவம் இருந்தார். முதல் கட்டம் ஒரு குழிக்குள் நின்று. தேடி வருகிறவர்களுக்கு மண்ணும் தண்ணீரும்தான் மருந்து. கூட்டம் பெருகியது. அப்புறம் வந்தது அரசரின் ஆள்கள். அன்றைய மன்னர் சுவாதித் திருநாள். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு கீர்த்தனைகள் எழுதிய அரசராக ரொம்பப் பிரியமானவர். அதே அரசர் காலத்தில்தான் சிங்காரத்தோப்புச் சிறையும். அகிலம் இந்த அரசைக் 'கலிநீசன்' என்றும், வெள்ளைக்காரனை 'வெண்நீசன்' என்றும் அழைக்கிறது. ரெண்டு பேரையும் ஒரே தராசில் வைத்து எடை போட்ட 1840களின் நூல் என்பதைக் கவனிக்கணும்.

700 குடும்பங்கள், ஒரு நேரச் சாப்பாடு

சிறையில் இருந்து வந்த பிறகு அவர் செய்ததுதான் இன்றைய எபிசோடின் மையம்.

ஜெயிலுக்குப் போய் வந்த தலைவர் முன்னால் பொதுவாக ரெண்டு வழி இருக்கும். ஒன்று, அமைதியாக ஒதுங்கிவிடுவது. இன்னொன்று, கூட்டத்தைத் திரட்டி மோதுவது. வைகுண்டர் ரெண்டையும் செய்யவில்லை. குடும்பம் குடும்பமாக மக்களைக் கூப்பிட்டு, கடற்கரைக்கு அனுப்பினார். ஏறத்தாழ 700 குடும்பங்கள் என்பது சொல்லப்படும் எண்ணிக்கை. ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும். முதலில் வாகைப்பதி, பிறகு முட்டப்பதி. ரெண்டுமே கன்னியாகுமரியை ஒட்டிய கடற்கரை. இதற்குப் பெயர் துவையல் தவசு.

'துவையல்' என்றதும் நமக்குத் தேங்காய்த் துவையல்தான் ஞாபகம் வரும். இது துணி துவைக்கிற துவையல்.

அங்கே ஒரு நாள் எப்படி இருந்தது? மூன்று வேளை குளியல். மூன்று வேளை துணி துவைத்தல். ஒரே ஒரு வேளை சாப்பாடு. அதுவும் பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்தது. மீன் இல்லை, இறைச்சி இல்லை. கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு மீன் இல்லாமல் சாப்பிடுவது நம்ம ஊர்க்காரனுக்கு எவ்வளவு பெரிய தவம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மிச்ச நேரம் கூட்டாக வழிபாடு, பாராயணம். இது ஒரு வாரக் கேம்ப் இல்லை, மாதக்கணக்கில் ஓடியது.

இதை இப்போது யோசிச்சுப் பாருங்க. பனை ஏறுகிறவர் ஒரு பருவம் ஏறாமல் விட்டால் அந்த வருடம் வருமானம் போச்சு. பதநீர் இறங்காது, கருப்பட்டி இருக்காது. வரி கட்ட வேண்டிய தேதி மட்டும் மாறாது. கையில் சேமிப்பே இல்லாத குடும்பங்கள் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனார்கள். போனது நிலத்துக்காக இல்லை, கூலிக்காக இல்லை. துணி துவைக்கப் போனார்கள்!

ஏன்?

ஒரு விளக்கம் சுகாதாரம். அந்த நூற்றாண்டில் காலராவும் அம்மையும் ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்தன. குடிநீர் வழியாகத்தான் காலரா பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ காட்டியது 1854ல். அதற்குப் பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தலைவர் தன் மக்களைக் குளி, துவை, பச்சையாகக் கண்டதைச் சாப்பிடாதே என்று பழக்கினார் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அது மட்டும் காரணம் என்றால், இதை அவரவர் வீட்டிலேயே செய்யச் சொல்லியிருக்கலாமே. 700 குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து, எல்லாரும் பார்க்க, ஒரே நேரத்தில் எதற்கு?

எனக்குச் சரியாகப் படுகிற விளக்கம் வேறு. 36 அடி தள்ளி நில் என்று சொன்னவர்கள் வைத்த ஒரே வாதம் 'நீ அழுக்கு, உன் பட்டால் தீட்டு' என்பது. துவையல் தவசு அந்த வாதத்தின் கையில் இருந்து சோப்பைப் பிடுங்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்து, மூன்று முறை துவைத்து, ஒரு வேளை மரக்கறி மட்டும் உண்ணும் ஒருவனை எந்த அளவுகோலை வைத்து அழுக்கு என்பாய்? அதைவிட முக்கியமானது உள்ளே நடந்தது. தலைமுறை தலைமுறையாக 'நீ தீட்டு' என்று கேட்டு வளர்ந்தவன், கொஞ்ச காலம் கழித்து அதைத் தானே நம்ப ஆரம்பித்துவிடுவான். அந்த நம்பிக்கையைப் பிரசங்கத்தால் மட்டும் எடுக்க முடியாது. உடம்புக்குள் பழக்கமாகப் போனதை இன்னொரு பழக்கத்தால்தான் வெளியே எடுக்க முடியும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு, அதையும் சொல்லியாகணும். சுத்தம் என்ற அளவுகோலே மேல்சாதியினருடையது. அதை ஏற்றுக்கொண்டு அதில் ஜெயிப்பது ஒரு வகையில் அவர்கள் போட்ட மைதானத்தில் ஆடுவதுதானே? நியாயமான கேள்வி. ஆனால் அதே கூட்டம் அடுத்து செய்த விஷயங்களைப் பார்த்தால், மைதானத்தையே மாற்றுகிற வேலையும் கூடவே நடந்தது தெரியும்.

இங்கே மோர்மன்களைக் கொஞ்சம் கொண்டுவரலாம். வைகுண்டர் கடலில் இருந்து வந்ததாகச் சொல்லப்படும் அதே 1833ல், ஜோசப் ஸ்மித் தன் மக்களுக்கு ஒரு விதி கொடுத்தார்: சாராயம் வேண்டாம், புகையிலை வேண்டாம், சூடான பானம் வேண்டாம். அதனால்தான் இன்றும் அவர்களில் பலர் காபி, டீ குடிப்பதில்லை. அவரும் தன் மக்களைக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிக்கொண்டு ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குப் போனார். நம்பிக்கையைச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், சமையலறையையும் தினசரியையும் மாற்றியது ரெண்டு பேருக்கும் பொது. ஒரு கூட்டம் தன்னைத் 'தனி மக்கள்' என்று உணர்வது மேடைப் பேச்சில் இல்லை, சாப்பாட்டுத் தட்டில்தான் போல.

தலைப்பாகை, நாமம், கிணறு

சரி, துவையல் தவசு முடிந்து வீடு திரும்பியவர்கள் என்ன கொண்டுபோனார்கள்? நான்கு பழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, தலைப்பாகை. வழிபாட்டுக்கு வரும் ஆண்கள் தலைப்பாகை கட்ட வேண்டும் என்றார் வைகுண்டர். மற்ற இடங்களில் பெரிய மனிதர் முன்னால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவோ கக்கத்தில் வைக்கவோ வேண்டும். இங்கே கடவுள் முன்னாலேயே தலையில் கட்டிக்கொண்டு நிற்கலாம். கடவுள் முன்னால் அவிழ்க்காததை ஜமீன்தார் முன்னால் எதுக்கு அவிழ்க்கணும் என்ற கேள்வி அடுத்த நாளே தானாக வந்திருக்கும். பிறக்கும்போது பெயரில் இருந்து பறிக்கப்பட்ட 'முடி'யை ஒரு கூட்டத்துக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி.

இரண்டு, நாமம். வெள்ளைத் திருமண்ணால் நெற்றியில் சுடர் வடிவில் போடுவது. இதில் கவனிக்க வேண்டியது வடிவம் இல்லை, முறை. மற்ற கோவில்களில் பிரசாதத்தைத் தூரத்தில் இருந்து கையில் போடுவார்கள். இங்கே பணிவிடை செய்பவர் வந்தவரின் நெற்றியைத் தொட்டு நாமம் சாத்துவார். அதற்குத் 'தொட்டு நாமம்' என்றே பெயர். தொடுவதுதான் குற்றம் என்று இருந்த ஊரில், தொடுவதையே சடங்காக்கிவிட்டார்கள்.

மூன்று, கிணறு. சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு. எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் இறைத்து, குளித்து, குடிக்கலாம். இன்றும் பதிக்குள் போகிறவர்கள் முதலில் அங்கே பதமிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். சம்பிரதாயமாகச் செய்கிற பலருக்கு அது ஒரு காலத்தில் எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது மறந்துபோயிருக்கலாம். திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936ல். இந்தக் கிணறு அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது.

நான்கு, சாப்பாடு. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது. அரிசியும் காய்கறிகளும் ஒரே பாத்திரத்தில் வெந்த உம்பான் அன்னம் இன்றும் பதிகளில் பரிமாறப்படுகிறது. யார் சமைத்தது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்று பார்த்தால் பட்டினிதான்.

இதோடு கருவறைக்குள் ஒரு கண்ணாடி. சிலை இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் தலைப்பாகை கட்டிய, நெற்றியில் நாமம் போட்ட ஒரு ஆள் தெரிவான். அது நீதான்.

முன்னாடி ஒரு பட்டியல் சொன்னேனே, எங்கே நிற்கலாம், தலையில் என்ன இருக்கலாம் என்று? அதன் ஒவ்வொரு வரிக்கும் இங்கே பதில் இருக்கிறது. விதி உடம்பு மேல் இருந்தது. விடுதலையும் உடம்பில் இருந்தே தொடங்கியது.

யார் தலைவர்?

இப்போ தலைமை. சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின கேள்வி: மொத்த சிஸ்டமும் ஒரே சர்வரை நம்பி ஓடுதா? அது விழுந்தா என்ன ஆகும்?

வைகுண்டர் காலத்தில் மையம் சந்தேகமே இல்லாமல் அவர்தான். ஆனால் அவர் சீக்கிரமே வேலையைப் பிரித்துக் கொடுத்தார். முதலில் ஐந்து சீடர்கள். பாண்டவர் பெயரோடு சேர்த்து அவர்களை நினைவில் வைத்திருக்கிறார்கள். மயிலாடி, குளச்சல், தாமரைக்குளம் போன்ற ஊர்க்காரர்கள். அவர்களில் சகாதேவன் என்று சொல்லப்படும் தாமரைக்குளம் அரிகோபாலன் சீடர்தான் அகிலத்திரட்டு அம்மானையை ஓலையில் எழுதியவர். 1841 வாக்கில், வைகுண்டர் உயிரோடு இருக்கும்போதே. அச்சில் வந்தது 1939ல். இடையில் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, ஏட்டிலும் வாயிலும்தான் அது வாழ்ந்தது. படிக்கத் தெரியாதவனும் பாடக் கேட்கலாம் என்பதால்தான் அம்மானை வடிவம்.

அடுத்த அடுக்கு, துவையல் தவசு முடித்தவர்கள். அவர்களைத் 'துவையல் பண்டாரங்கள்' என்று கூப்பிட்டார்கள். ஊர் ஊராகப் போய் இந்த வாழ்க்கை முறையைப் பரப்பியது அவர்கள்தான். அதாவது அந்தக் கடற்கரை மாதங்கள் தவம் மட்டும் இல்லை, பயிற்சியும்தான்.

மூன்றாவது அடுக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: நிழல் தாங்கல். பெயரிலேயே வேலை இருக்கிறது. நிழல் தரும் இடம், தாங்கும் இடம். அகஸ்தீஸ்வரம், செட்டிகுடியிருப்பு, பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஏழும் அவர் காலத்திலேயே தொடங்கியவை என்று அறியப்படுகின்றன. சின்னக் கட்டிடம், பெரும்பாலும் ஓலைக்கூரை. உள்ளே வழிபாடு, வெளியே சாப்பாடு, பிள்ளைகளுக்கு எழுத்து. நடத்துகிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். பூசாரி என்ற பதவியே கிடையாது. செய்வதற்குப் பெயர் 'பணிவிடை'. காணிக்கை, கைக்கூலி வாங்கக் கூடாது என்பது விதி. வரி கட்டியே தேய்ந்துபோன மக்களிடம் கடவுள் பேரிலும் ஒரு வரியா என்ற கோபம் அதற்குள் இருக்கிறது.

இங்கே மோர்மன்களோடு வேறுபாடு பெரியது. ஜோசப் ஸ்மித் 1838ல் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற விதியைக் கொண்டுவந்தார். இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்ற நகரத்தையே கட்டினார். அதன் மேயர் ஆனார், அதன் படைக்குத் தளபதி ஆனார், 1844ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கே நின்றார். அதே வருடம் ஜூன் 27 அன்று சிறையில் இருக்கும்போது ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. வைகுண்டரிடம் படை இல்லை, நகரம் இல்லை, கஜானா இல்லை. கைது செய்ய வந்தபோது கூடி நின்ற மக்களிடம் பொறுத்திருக்கச் சொன்னதாகத்தான் அகிலம் சொல்கிறது. திருவிதாங்கூர் அரசும் அதன் பின்னால் இருந்த கம்பெனிப் படையும் எப்படிப்பட்டவை என்று பார்த்தால், அந்தப் பொறுமை இல்லையென்றால் 700 குடும்பமும் மிஞ்சியிருக்காது.

அதே காலத்தில் அதே ஊர்களில் இன்னொரு வழியும் திறந்திருந்தது. 1806ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கி லண்டன் மிஷன் பள்ளி கட்டியது, சர்ச் கட்டியது, தோள்சீலைக்காக அரசோடு வாதாடியது. அது கொடுத்த கல்வி இந்த மாவட்டத்தையே மாற்றியது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1840களின் மிஷன் அறிக்கைகளிலேயே முத்துக்குட்டியின் ஆட்கள் தங்கள் வேலைக்குத் தடையாக இருக்கிறார்கள் என்ற குறை வருகிறது. மிஷனுக்குப் பின்னால் பிரிட்டிஷ் ரெசிடென்ட் இருந்தார். தாங்கலுக்குப் பின்னால் பனங்காடுதான் இருந்தது. அப்படியும் ஒரே தெருவில் ரெண்டும் நின்றன.

அவருக்குப் பிறகு

1851 ஜூனில் வைகுண்டர் மறைந்தார். ஸ்மித் இறந்தபோது அடுத்த தலைவர் யார் என்ற சண்டையில் அந்தச் சமூகம் துண்டு துண்டானது. பெரும்பகுதி பிரிகாம் யங் பின்னால் மேற்கே ஆயிரம் மைலுக்கு மேல் பயணப்பட்டு 1847ல் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குப் போனது. ஸ்மித்தின் மகனைத் தலைவராக ஏற்ற பிரிவு 1860ல் தனியாக நின்றது. குடும்பமா, சீடர் குழுவா என்பதுதான் அங்கே கேள்வி.

சாமித்தோப்பிலும் ஏறக்குறைய அதே கேள்விதான் எழுந்தது. சாமித்தோப்பில் பணிவிடை பொதுக்குட்டி என்பவரிடம் போனது. 'பையன்' என்று அழைக்கப்பட்ட அவரின் வழியினர் இன்று வரை அங்கே பொறுப்பில் இருக்கிறார்கள். சீடர்கள் வழியாக வளர்ந்த மற்றப் பதிகளும் தாங்கல்களும் தங்கள் போக்கில் நடந்தன. பஞ்சபதிகளின் பட்டியலில் வாகைப்பதியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்கூட இன்று வரை ஒத்த கருத்து இல்லை. ஆனால் ரத்தம் சிந்தவில்லை, வெளியேற்றம் இல்லை. ஏன் என்றால் பிரிப்பதற்குப் பெரிய சொத்தோ பதவியோ மையத்தில் இல்லை. ஒவ்வொரு தாங்கலும் தனக்குத் தானே ஓடியது. ஒன்று மூடினாலும் மற்றவை நிற்கும்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே அமைப்பு, ஒரே குரல் இல்லாததால் வெளியே சொல்லத் தெரிந்த ஆள் குறைவு. மோர்மன் திருச்சபைக்கு இன்று உலகம் முழுக்க உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. ஐயாவழிக்காரர்கள் மக்கள்தொகைக் கணக்கில் இந்துக்களோடு சேர்ந்துதான் வருகிறார்கள். எத்தனை பேர் என்று தனி எண்ணே கிடையாது.

இன்னொரு கசப்பான கேள்வியையும் தவிர்க்க முடியாது. எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு என்று தொடங்கிய இயக்கத்தில், வந்து நின்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரே சாதி. அகிலத்திரட்டு 'சான்றோர்' என்று பேசும் மக்களைப் பலரும் நாடார்களாகவே படிக்கிறார்கள். அப்படியென்றால் இது ஒரு சாதியின் எழுச்சியா, சாதியை ஒழிக்கும் எழுச்சியா? ரெண்டும் அதற்குள் இருந்தது என்பதுதான் என் வாசிப்பு. தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தருமம் என்பதை மையமாக வைத்த ஒரு வழி, தனக்குக் கீழே இருப்பவரைப் பார்க்க மறுக்கும் நாளில் தன் கிணற்றைத் தானே மூடுகிறது. அந்தக் கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி கேட்டாகணும், நம்ம தலைமுறையும்தான்.

கடைசியா ஒரு கணக்கு. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த பிரகடனம் 1855. எல்லா நாடார் பெண்களுக்கும் மேலாடை உரிமை கொடுத்த பிரகடனம் 1859. கோவில் நுழைவு 1936. மூன்றுமே வைகுண்டர் மறைந்த பிறகு வந்தவை. அந்த 700 குடும்பங்கள் கடற்கரையில் துணி துவைத்தபோது எந்தச் சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. சட்டம் மாறும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மாறியது போலவே வாழ ஆரம்பித்துவிட்டார்கள். சட்டம் மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்தது.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது உங்க பக்கத்துத் தாங்கலில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. அங்கே இருக்கிற வயசான பாட்டி யாரிடமாவது, அவங்க சின்ன வயசில் தாங்கலில் என்ன சாப்பாடு போட்டாங்க, யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தாங்க என்று கேளுங்க. புத்தகத்தில் இல்லாத பாதி வரலாறு அங்கேதான் இருக்கிறது. கேட்டதை ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம் மக்கா. ஐயா உண்டு.